குடும்ப விளக்கின் கடைசிக் கேள்வி

புதுச்சேரியில் தமிழ் படித்த எந்தப் பெண்ணும் 'குடும்ப விளக்கை'ச் சந்திக்காமல் வளர்ந்திருக்க முடியாது. பள்ளியில் செய்யுள் பகுதி, பேச்சுப் போட்டியில் மேற்கோள், கல்லூரியில் பாட நூல், கல்யாணத்தில் பரிசு என்று ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தப் புத்தகம் நம் கைக்கு வந்து சேரும். எழுதியவர் இந்த ஊர்க்காரர். 1891இல் இங்கே பிறந்து, பிரெஞ்சு ஆட்சியில் தமிழாசிரியராக வேலை பார்த்து 1946இல் ஓய்வு பெற்றவர். பெருமாள் கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு இன்று நினைவு இல்லம். ஊரின் அரசு மகளிர் கல்லூரி அவர் பெயரில்தான் இருக்கிறது. எனவே பாரதிதாசனைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோல. மரியாதை உண்டு, கேட்கவேண்டிய கேள்விகளும் உண்டு.

என் கேள்வி இதுதான். வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்து, மறுநாளும் அதையே செய்யப்போகிற ஒரு பெண்ணுக்கு ஊக்கம் எங்கிருந்து வருகிறது? எதன்மேல் நம்பிக்கை வைத்து அவள் அடுத்த நாள் காலையில் எழுகிறாள்? தமிழ் இலக்கியம் அவளுக்கு நிறையப் பாராட்டு கொடுத்திருக்கிறது. பாராட்டும் ஊக்கமும் ஒன்றுதானா என்பதை 'குடும்ப விளக்கை' வைத்தே யோசித்துப் பார்க்கலாம்.

ஒரு நாளின் கணக்கு

ஐந்து பகுதிகள் கொண்ட 'குடும்ப விளக்கின்' முதல் பகுதி 1942இல் வந்தது. பெயர் 'ஒரு நாள் நிகழ்ச்சி'. கதை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஒரு வணிகர் வீட்டில் விடியலில் எழும் மனைவி இரவு படுக்கும்வரை என்ன செய்கிறாள் என்பதுதான் நூல். காப்பியங்கள் அரசர்களின் போரையும் துறவையும் பாடிய மொழியில், கோலம் போடுவதையும் பால் கறப்பதையும் பாத்திரம் துலக்குவதையும் பாடுபொருளாக்கியது சாதாரணக் காரியம் இல்லை. வீட்டு வேலையை யாரோ உட்கார்ந்து கவனித்திருக்கிறார்கள், அதற்கு யாப்பு கட்டியிருக்கிறார்கள் என்ற உணர்வே ஒரு பெண் வாசகருக்கு முதலில் நெகிழ்ச்சி தரும். அந்த நெகிழ்ச்சியை நான் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் பட்டியலைப் பாருங்கள். கோலம், பசு, பாத்திரம், பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பாடம் கேட்பது, கணவனைக் கடைக்கு அனுப்புவது, தையல், வீட்டுச் சாமான்களின் பழுதைச் சரிபார்ப்பது, மாமனார் மாமியாரை வரவேற்று அவர்கள் உடல்நலம் கவனிப்பது, சமையல், பரிமாறுதல். பிறகு கணவனின் கடைக்கே போய் அவன் இடத்தில் உட்கார்ந்து வணிகம் பார்ப்பது. மாலையில் பிள்ளைகள், இரவில் மீண்டும் பரிமாறுதல், பெரியவர்களுக்குப் படுக்கை. நடுவில் களைப்பு வருவதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து எல்லாம் தலைகீழாவதில்லை. அவளுக்கு மாதவிலக்கு இல்லை, தலைவலி இல்லை, மாமியாரின் ஒரு சொல் மனத்தில் முள்ளாய்த் தைத்து நாள் முழுக்க உறுத்துவதில்லை.

வகுப்பில் இந்தப் பகுதியை நடத்தும்போது மாணவிகளுக்கு ஒரு வேலை கொடுப்பேன். ஒரு தாளில் கோடு போட்டு இடப்பக்கம் நூலில் வரும் பெண்ணின் நாளையும், வலப்பக்கம் உங்கள் அம்மாவின் நாளையும் எழுதுங்கள் என்பேன். பெரும்பாலும் வலப்பக்கம்தான் நீளமாக இருக்கும். பசு போயிருக்கும், அந்த இடத்தில் ஸ்கூட்டி வந்திருக்கும். கணவனின் கடைக்குப் பதிலாக அம்மாவுக்கே ஒரு வேலை இருக்கும். ஒருமுறை ஜவுளிக்கடையில் விற்பனையாளராக இருக்கும் பெண்ணின் மகள் இரண்டு பக்கமும் எழுதி முடித்துவிட்டு, "இதுல ஒண்ணு மட்டும் எங்கம்மாவுக்கு இல்ல மேடம், யாழ்" என்றாள்.

நானும் அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கக்கூடிய இடம் அது. கோலம் போட்டபின் அவள் யாழ் எடுத்து உலகம் வாழ்க என்று பாடுகிறாள். வீட்டார் எழுந்திருக்கவில்லை, வேலை முழுதாகத் தொடங்கவில்லை. அந்தச் சிறு பொழுது மட்டும் அவளுக்கானது. அதையும் உரையாசிரியர்கள் வீட்டாரை இசையால் எழுப்பும் கடமை என்றே விளக்கிவிடுவார்கள். அந்த மாணவியோ அதை நேரமாகப் பார்த்தாள். பாரதிதாசன் தன் தலைவிக்குக் கொடுத்த விடியற்காலத்துச் சில நிமிடங்கள், எண்பது ஆண்டுகள் கழித்து அவள் அம்மாவுக்குக் கிடைக்கவில்லை.

நிமிடம் என்று சொன்னதால் ஒரு கணக்கையும் பார்த்துவிடலாம். ஒன்றிய அரசின் 2024ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் ஒரு நாளில் அதற்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகிறார்கள். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். 2019இல் இது முறையே 299, 97 என்று இருந்தது. பெண்களின் சுமையில் பத்து நிமிடம் குறைந்தது என்று மகிழ்வதற்குள் ஆண்களும் ஒன்பது நிமிடம் குறைத்துக்கொண்டுவிட்டார்கள்! பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிக்கும் நேரம் இதில் சேராது. அது தனிக் கணக்கு.

விளக்கும் இருளும்

'குடும்ப விளக்கை'த் தனியாகப் படித்தால் அது வாழ்த்துப்பா. 1944இல் அதே கவிஞர் எழுதிய 'இருண்ட வீட்டை'ப் பக்கத்தில் வைத்துப் படித்தால் அந்த வாழ்த்தின் விலை தெரியும். அங்கே வீட்டுத் தலைவி வெயில் ஏறிய பிறகு எழுகிறாள். வீடு குப்பை, பிள்ளைகள் அழுக்கு, எதிலும் ஒழுங்கில்லை. கல்வியில்லாத வீடு எப்படிச் சிதையும் என்று காட்டுவது கவிஞரின் நோக்கம். கணவனும் அங்கே அறிவிலிதான். ஆனாலும் படித்து முடித்த பிறகு நம் நினைவில் தங்குவது நேரம் கழித்து எழுந்த அந்தப் பெண். வீடு ஒளிர்ந்தால் அவள் விளக்கு, இருண்டால் அவள்தான் இருட்டு. ஆணுக்கு இந்த இரண்டு பெயர்களும் இல்லை. கடையில் நட்டம் வந்தால் காலம் சரியில்லை என்பார்கள்.

வீட்டுப் பெண்களுக்குக் கிடைக்கும் பாராட்டு எல்லாமே இப்படி முதுகில் ஒரு மிரட்டலைச் சுமந்துகொண்டுதான் வருகிறது. அன்னையர் தினத்தன்று காலையில் வாட்ஸ்அப்பில் வரும் படங்களைப் பாருங்கள். பத்துக் கைகளோடு ஒரு பெண், ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் மடிக்கணினி, ஒரு கையில் குழந்தை. அதை அனுப்புகிறவர் அன்போடுதான் அனுப்புகிறார். ஆனால் பத்துக் கை இருக்கிறது என்று ஒப்புக்கொண்ட பிறகு, எனக்கு இரண்டே கை என்று சொல்ல வாய் வருமா? கவியரங்கங்களில் என்னிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "வீட்டையும் பாத்துக்கிட்டு எப்படி மேடம் கவிதையும் எழுதுறீங்க?" மேடையில் என்னோடு உட்கார்ந்திருக்கும் ஆண் கவிஞர்களுக்கும் வீடு உண்டு, பிள்ளைகள் உண்டு. அவர்களிடம் யாரும் இதைக் கேட்டு நான் பார்த்ததில்லை. கேள்வி பாராட்டாகத்தான் வருகிறது. பதில் சொல்லி முடிப்பதற்குள் வீட்டைச் சரியாகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று சான்றிதழ் கொடுத்திருப்பேன்.

இங்கே வள்ளுவரின் அதிகார அடுக்கு நினைவுக்கு வருகிறது. 'வாழ்க்கைத் துணைநலம்' ஆறாவது அதிகாரம், இல்லறவியலில் இருக்கிறது. 'ஊக்கமுடைமை' அறுபதாவது அதிகாரம், பொருட்பாலில் அரசியலில் இருக்கிறது. ஊக்கம் எல்லோருக்கும் பொது என்று உரை சொல்லலாம். ஆனால் நூலின் அமைப்பில் ஊக்கத்துக்கு உரியவன் நாடாளுகிறவன். மனைக்கு உரியவளுக்கு மாட்சியும் கற்பும் சொல்லப்படுகின்றன. மாட்சி என்பது பிறர் பார்த்து வியப்பது. ஊக்கம் உள்ளே இருந்து கிளம்புவது. 'இல்லத்தரசி' என்று நாம் இன்று சொல்லும் சொல்லிலும் இதே சிக்கல் இருக்கிறது. அரசி என்றால் அவளுடைய கருவூலம் எங்கே? அவள் உத்தரவுக்கு யார் எழுந்து நிற்கிறார்கள்?

கவிஞரே எழுப்பிய முரண்

பாரதிதாசனைப் பழைய பட்டியலில் சேர்த்து முடித்துவிடுவது எளிது. அவர் அதற்கு இடம் கொடுப்பதில்லை. 1938இல் வந்த முதல் கவிதைத் தொகுதியிலேயே கருத்தடையைப் பேசியவர். கைம்பெண் மறுமணத்துக்காகத் தொடர்ந்து எழுதியவர். 'குடும்ப விளக்கின்' இரண்டாம் பகுதியான 'விருந்தோம்பல்' 1944இல் வந்தது. அதில் பெண் கல்வியைப் பற்றிய பாடல்களுக்கு நடுவே, சமையலும் வீட்டு வேலையும் பெண்ணுக்கு மட்டும் உரியவை என்பது தவறு, ஆண்களும் அவற்றைத் தம் பணியாக எண்ணும் நாள் வரவேண்டும் என்று வெளிப்படையாகவே வருகிறது. சமையல் தாய்மார்க்கே என்று இந்த நாட்டில் இருக்கும் சட்டத்தை நீக்கப் பெண்கல்விதான் வழி என்கிறார்.

எண்பது ஆண்டுகளாக நாம் எதை மேற்கோள் காட்டினோம், எதை விட்டுவிட்டோம் என்பதில்தான் விமர்சனத்துக்கு வேலை இருக்கிறது. கல்வியற்ற பெண்ணைக் களர்நிலத்தோடு ஒப்பிடும் பாடல் எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் இருக்கிறது. ஆண்கள் சமைக்கும் நாளைக் கேட்கும் பாடலை எந்தச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று அவர் அடுக்கும் காரணங்களின் வரிசையும் கவனிக்கத்தக்கது. முதலில் குடித்தனம், அடுத்து மக்கள், அதன்பின் உலகம், கடைசியாகக் கல்விக்காகவே கல்வி. எதிரில் இருப்பவர் ஏற்றுக்கொள்ளும் காரணத்திலிருந்து தொடங்கி, ஏற்கத் தயங்கும் காரணத்தை நோக்கிக் கவிஞர் படியேறுகிறார் என்று இதை வாசிக்கலாம். நம் சமூகம் முதல் இரண்டு படியிலேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது. படித்த பெண் பிள்ளைக்கு நன்றாகப் பாடம் சொல்லிக் கொடுப்பாள் என்பதுதான் இன்றும் மாப்பிள்ளை வீட்டில் சொல்லப்படும் காரணம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். இரண்டாம் பகுதி கொள்கையாகச் சொல்வதை முதல் பகுதி காட்சியாகக் காட்டவில்லை. மணவழகர் அடுப்படியில் நிற்கும் காட்சி ஒன்று எழுதப்பட்டிருந்தால், அது நூறு கொள்கைப் பாடல்களின் வேலையைச் செய்திருக்கும். தங்கம் கடையில் போய் உட்கார்ந்து கணவனின் வேலையைச் செய்கிறாள். கணவன் அடுப்படிக்கு வந்து அவள் வேலையைச் செய்வதில்லை. எல்லை ஒரு பக்கமாக மட்டும் திறந்திருக்கிறது. இன்றைய வேலைக்குப் போகும் பெண்ணின் நிலையும் அதேதான்.

மாம்பழமும் பேயும்

நம்பிக்கை என்றதும் கடவுள் நம்பிக்கை நினைவுக்கு வரும். 'குடும்ப விளக்கில்' அதற்கு இடமில்லை. ஆனால் புதுச்சேரிப் பெண்களின் நாளில் இடமுண்டு. மணக்குள விநாயகர் கோயிலிலும் வில்லியனூர் மாதா கோயிலிலும் தர்காக்களிலும் பிள்ளையின் தேர்வுக்காக, கணவனின் குடிக்காக, தன் முழங்கால் வலிக்காக நிற்கும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவர்களை மூடநம்பிக்கை என்ற ஒரு சொல்லால் கடந்துபோகும் பெண்ணியத்தில் எனக்கு உடன்பாடில்லை. தன் பேச்சைக் குறுக்கிடாமல் கேட்கும் ஒரே இடம் அதுதான் என்று ஒருத்தி நினைத்தால், முதலில் யோசிக்கவேண்டியது அவள் வீட்டைப் பற்றி.

நம் ஒன்றியப் பகுதியின் இன்னொரு நகரமான காரைக்காலில் இதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது. வணிகன் மனைவி புனிதவதி. கணவன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களைக் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த அடியவருக்குச் சோறு மட்டுமே ஆகியிருந்த நேரத்தில், ஒரு பழத்தையும் வைத்துப் பரிமாறுகிறாள். கணவன் வந்து ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றையும் கேட்கிறான். அவள் உள்ளே போய் இறைவனை நினைக்கிறாள். கையில் ஒரு கனி வருகிறது. சேக்கிழார் பக்தியின் அற்புதமாகப் பாடிய இடம் இது. ஒரு பெண்ணாக இதை வாசிக்கும்போது முதலில் எனக்குக் கேட்பது ஒரு கேள்விதான். பசித்தவருக்கு ஒரு பழம் கொடுத்தேன் என்று கணவனிடம் சொல்ல அவளால் ஏன் முடியவில்லை? வீட்டுப் பொருளைக் கொடுக்கும் உரிமை அவளுக்கு இல்லாத இடத்தில்தான் அற்புதம் தேவைப்படுகிறது.

அற்புதத்தைக் கண்ட கணவன் அஞ்சுகிறான். கப்பலேறிப் போய்ப் பாண்டிய நாட்டில் வேறு குடும்பம் அமைத்துக்கொள்கிறான். மகளுக்கு அவள் பெயரையே வைக்கிறான். தேடி வந்தவளின் காலில் குடும்பத்தோடு விழுகிறான். வணங்கினான், வாழவில்லை. மனைவியைத் தெய்வம் என்று சொல்லிவிட்டால் அவளோடு வாழவேண்டிய பொறுப்பிலிருந்து விடுபட்டுவிடலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான கதை தமிழில் இல்லை. அவளோ அவனுக்காகச் சுமந்த அழகை உதறிப் பேயுருக் கேட்டு வாங்கினாள். அதன் பிறகு பாடியவற்றில் தன்னைக் 'காரைக்காற்பேய்' என்றே குறித்தாள். மாம்பழமும் பரமதத்தனும் அவள் பாடல்களில் இல்லை. அவள் சொல்லிக்கொண்ட கதை வேறு, அவளைப் பற்றி நாம் சொல்லிக்கொண்ட கதை வேறு.

ஆனித் திங்கள் முழுநிலவில் காரைக்காலில் மாங்கனித் திருவிழா நடக்கும்போது வீடுகளின் மேலிருந்து பழங்களை வீசுவார்கள். பிள்ளைப்பேறு வேண்டும் பெண்கள் அதைப் பிடித்து உண்பார்கள். புராணத்தில் பிள்ளையே இல்லாத, இல்லறத்தை விட்டு வெளியேறிய ஒரு பெண்ணின் பெயரால் தாய்மை வேண்டப்படுகிறது. இதில் நான் கேலி செய்ய ஒன்றுமில்லை. பிள்ளையில்லை என்று மாமியார் வீட்டில் ஒவ்வொரு நாளும் சொல்கேட்கும் பெண்ணுக்கு அந்தப் பழம் எவ்வளவு கனமானது என்று எனக்குத் தெரியும். ஆனால் அம்மையார் தேடிய விடுதலையை நாம் எப்படித் திரும்பவும் வீட்டுக்குள் கொண்டுவந்து கட்டிப்போட்டோம் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும்.

ஆக நம் மரபு வீட்டுப் பெண்ணுக்கு இரண்டு வழிகளைக் காட்டியது. விளக்காக இரு, அல்லது பேயாகிப் போ. இருந்தால் பாராட்டு, போனால் வழிபாடு. இருந்துகொண்டே தானாக இருக்க விரும்பும் பெண், பிள்ளைகளை விட்டுப்போக மனமில்லாத, ஆனால் நாள் முழுக்க விளக்காகவே எரிந்துகொண்டிருக்கவும் முடியாத பெண், எதைப் பற்றிக்கொள்வாள்?

குருவிகளுக்குப் போன அரிசி

பாரதி 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். பாஞ்சாலியும் கண்ணனும் குயிலும் பாட்டான ஊர் இது. அந்தப் பத்தாண்டுகளைப் பற்றி இங்கே அதிகமாகச் சொல்லப்படும் கதை, சமையலுக்கு எடுத்துவைத்த அரிசியை அவர் குருவிகளுக்கு இறைத்தது. ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் உள்ள பாரதி நினைவு இல்லத்துக்குப் போகும் குழந்தைகளுக்கும் இதைத்தான் சொல்கிறோம். குருவிகள் தின்றன, கவிஞர் பாடினார் என்பதோடு கதை முடிந்துவிடுகிறது. அன்று மதியம் இரண்டு மகள்களுக்கும் என்ன சாப்பாடு, எந்த வீட்டில் போய் அரிசி கேட்டார்கள், கேட்கப் போனவர் யார் என்பது கதைக்கு வெளியே.

ஆனால் அந்தப் புதுச்சேரி வாழ்க்கை நமக்குத் தெரிவதற்கு முக்கியமான காரணங்களில் ஒருவர் செல்லம்மாள். 'பாரதியார் சரித்திரம்' அவர் சொல்லி வந்த நூல். கணவர் இறந்து முப்பது ஆண்டுகள் கழித்து, 1951இல் திருச்சி வானொலியில் 'என் கணவர்' என்ற தலைப்பில் பேசினார். மகாகவியை உலகமே கொண்டாடிக்கொண்டிருந்த காலத்தில், அவருக்குச் சமைத்துப் போட்டவர் தன் குரலில், தன் வரிசையில் அந்த வாழ்க்கையைச் சொன்னார். தலைப்பு கணவரைப் பற்றியது என்றாலும் பார்க்கும் கண் அவருடையது. பாராட்டப்படுவதற்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. பாராட்டில் வேறொருவர் நம் வாழ்க்கையைச் சொல்கிறார். இங்கே வீட்டுக்காரி வாய் திறக்கிறார்.

இந்த இடத்தில் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை' கதையைச் சேர்த்து வாசிக்கலாம். ராஜஸ்தானத்துப் பெரிய வீடு, அதன் மூலையில் இருட்டாய் ஒரு சமையலறை. அந்த அடுப்படியும் அதன் அதிகாரமும்தான் தன் பலம் என்று ஜீஜி வாழ்நாள் முழுக்க நம்பினார். நோயில் கிடக்கும் ஜீஜியிடம் மருமகள் மீனாட்சி இருட்டில் மெல்லப் பேசுகிறாள். நீங்கள் எவ்வளவு நல்லவர், எத்தனை பேருக்குச் சமைத்துப் போட்டீர்கள் என்று அவள் சொல்வதில்லை. இந்தச் சமையலறை இல்லாமல் இருந்திருந்தால் வேறு என்னவெல்லாம் உங்களுக்குத் தெரியவந்திருக்கும் என்கிற பக்கம் பேச்சு போகிறது. கேட்பதற்குக் கொடுமையான பேச்சு. ஆனால் அந்த வீட்டில் ஜீஜியை ஒரு முழு மனுஷியாக மதித்துப் பேசப்பட்ட பேச்சு அது. மருமகளிடமிருந்து மாமியாருக்கு அது வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படுக்கப்போகும் முன்

இவ்வளவையும் மனத்தில் வைத்துக்கொண்டு 'ஒரு நாள் நிகழ்ச்சி'யின் இரவுக்குத் திரும்பினால், பாடநூல் காட்டாத ஒரு பெண் தெரிகிறாள். வேலையெல்லாம் முடிந்தது. கணவனும் மனைவியும் தனியாக இருக்கிறார்கள். நூல் அங்கே இனிமையாக முடிந்துவிடலாம். அப்போது அவள் பேசத் தொடங்குகிறாள். விடிந்ததிலிருந்து இரவுவரை நம் நலத்தையே அடுக்கிக்கொண்டிருந்தோம், பொதுநலத்துக்கு என்ன செய்தோம், அக்கம்பக்கத்தாரைப் பற்றி நினைத்தோமா என்று கேட்கிறாள். பேச்சு தமிழுக்குச் செய்யவேண்டிய தொண்டின் பக்கம் போகிறது.

காலையிலிருந்து நாம் படித்துப் பாராட்டிய அத்தனை வேலையையும் அவள் ஒரே கேள்வியில் போதாது என்று சொல்லிவிடுகிறாள். விளக்கு என்று ஊர் சொல்லும் பெண், தன் வெளிச்சம் எவ்வளவு தூரம் போகிறது என்று கேட்கிறாள். இன்றைக்கு நான் நல்ல மனைவியாக இருந்தேனா, நல்ல தாயாக இருந்தேனா என்று அவள் கேட்பதில்லை. நம் காலத்துப் பெண்கள் படுக்கையில் விழுந்ததும் கேட்டுக்கொள்ளும் கேள்வி பெரும்பாலும் அதுதான். பிள்ளையை அடித்துவிட்டேனே, மாமியாருக்கு மாத்திரை கொடுக்க மறந்தேனே, டப்பாவில் நேற்றுக் குழம்பையே வைத்தேனே என்று ஒவ்வொன்றாக எண்ணிக் குற்றவுணர்வோடு தூங்குகிறோம். தங்கம் அந்தக் கணக்கை எடுக்கவே இல்லை. 'நாம்' என்று கணவனையும் சேர்த்துக்கொண்டு, உலகத்தின் முன் தங்கள் இருவரையும் நிறுத்துகிறாள்.

தமிழில் நம்பிக்கை என்ற சொல் கடவுளுக்கும் பொருந்தும், மனிதருக்கும் பொருந்தும், நாளைக்கும் பொருந்தும். அந்த இரவில் அவளிடம் இருப்பது மூன்றாவது வகை. தன்னால் வீட்டைத் தாண்டி ஏதாவது செய்யமுடியும், செய்யவேண்டும் என்று அவள் நம்புகிறாள். விடியலில் உலகம் வாழ்க என்று பாடியவள், இரவில் அந்த உலகத்துக்கு என்ன செய்தோம் என்று கேட்கிறாள். இரண்டுக்கும் நடுவே கிடக்கும் வேலைப் பட்டியலை மட்டும் எடுத்து நமக்குக் கொடுத்துவிட்டார்கள். பாட்டையும் கேள்வியையும் அலங்காரம் என்று விட்டுவிட்டார்கள். என் வாசிப்பில் ஊக்கம் அந்த இரண்டில்தான் இருக்கிறது.

இதில் ஒரு ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. பதினெட்டு மணி நேரம் உழைத்தவளிடம் இனிப் பொதுத்தொண்டும் செய் என்று சொல்வது பதினோராவது கையை ஒட்டவைப்பதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க ஒரு பெண்ணுக்கு முதலில் நேரம் வேண்டும். நேரம் தானாக வராது. வேலை பிரிக்கப்பட்டால்தான் வரும். அதனால் 1942இல் கேட்ட கேள்விக்கு 1944இல் அதே நூல் சொன்ன பதிலைச் சேர்த்தே படிக்கவேண்டும். ஆண் அடுப்படிக்கு வந்தால்தான் பெண் உலகத்துக்கு வரமுடியும்.

பாராட்டிலிருந்து உரிமைக்கு நகரும் அடையாளங்கள் சில தென்படாமல் இல்லை. 2021 ஜனவரியில் உச்சநீதிமன்றம், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் இல்லத்தரசியின் உழைப்புக்கு வருமான மதிப்புக் கணக்கிடுவது அந்த உழைப்பை அங்கீகரிப்பது என்று பேசியது. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கணவர் வெளிநாட்டில் சம்பாதிக்க மனைவி வீட்டைக் கவனித்துக்கொண்ட ஒரு குடும்பத்தின் வழக்கில், வீட்டு உழைப்பும் சொத்துக்கான பங்களிப்பே என்று சொல்லிச் சம பங்கு தந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தமிழ்நாட்டில் தொடங்கிய மாதம் 1,000 ரூபாய்த் திட்டத்துக்கு 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். ஆயிரம் ரூபாய் 289 நிமிடங்களுக்கு ஈடாகாது. ஆனால் உதவி, பரிசு என்ற சொற்கள் இருந்த இடத்தில் உரிமை என்ற சொல் வந்திருக்கிறது. தமிழாசிரியைக்கு அது சின்ன விஷயமில்லை.

பெருமாள் கோயில் தெரு வீட்டின் வரலாற்றில் இன்னொரு பெயர் உண்டு. பழனியம்மாள். 1920இல் கவிஞரைக் கைப்பிடித்து அவருடைய நான்கு பிள்ளைகளை வளர்த்தவர். தங்கத்தின் நாளைப் பாடம் நடத்தும்போது பழனியம்மாளின் பெயரையும் நான் சொல்வதுண்டு. காப்பியம் எழுதப்பட்ட காலத்தில் அந்தக் குடும்பத்திலும் யாரோ விடியலில் எழுந்திருக்கிறார்கள் என்பது மாணவிகளுக்குத் தெரியவேண்டும்.

மாணவிகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. 'குடும்ப விளக்கை' இனி யாராவது உங்களுக்குப் பரிசாகக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுத்தவரிடம் இரண்டாம் பகுதியில் சமையலைப் பற்றி வரும் பாடலைப் படித்திருக்கிறாரா என்று சிரித்துக்கொண்டே கேளுங்கள். இரவு படுக்கும் முன் நாளின் கணக்கைப் பார்க்கும்போது, செய்யத் தவறிய வீட்டு வேலைகளை எண்ணாமல், இன்று உங்கள் பொழுது எவ்வளவு உங்களிடம் இருந்தது என்று எண்ணுங்கள். குறைவாக இருந்தால் அதைப் பக்கத்தில் படுத்திருப்பவரிடம், தங்கத்தைப் போலவே, 'நாம்' என்று தொடங்கிச் சொல்லுங்கள்.